ஹோம் தியேட்டர் ரிசீவரா, தனி ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரா: எங்கள் ஹாலுக்கு எது பொருந்தும்?

செத்தாப்பாக் ரசிகன் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். கோலாலம்பூர் செத்தாப்பாக்கில் மாடி வைத்த டெரஸ் வீட்டில் குடியிருக்கிறோம். பதினாறு ஆண்டுகளாக எங்கள் ஹாலில் பாடி வந்த ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர், இரண்டு மாதங்களாகத் தொல்லை கொடுக்கிறது. குறைந்த ஒலியில் கேட்கும்போது இடது பக்கம் மெல்ல மறைந்து விடுகிறது. சத்தத்தைச் சட்டென்று கூட்டினால் திரும்பி வருகிறது. புதிதாக ஒன்று வாங்க 5000 வெள்ளி (ரிங்கிட்) ஒதுக்கியிருக்கிறேன்.

கடைக்குப் போனதும் குழப்பம் கூடிவிட்டது. தலைநகரின் ஒரு கடையில், பாட்டு கேட்பவன் ரிசீவரைத் தொடவே கூடாது என்றார்கள். இரண்டு கடை தள்ளி, இந்தக் காலத்தில் இரண்டு சேனல் ஆம்ப்ளிஃபையர் வாங்குவது வீண் செலவு என்றார்கள். இரு தரப்பாரும் என் ஹால் எப்படிப்பட்டது, அதில் யார் உட்காருகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஹால் 20 அடி நீளம், 13 அடி அகலம், 10 அடி உயரம். தரை முழுவதும் ஓடு. ஒரு பக்கம் கண்ணாடிக் கதவும் இரும்பு கிரில்லும். மறு பக்கம் சுவர் இல்லாமல் சாப்பாட்டு மேசை வரை திறந்து கிடக்கும். ஸ்டாண்டில் வைத்த இரண்டு ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. 6 ஓம், 87 டெசிபல் என்று பின்பக்கம் எழுதியிருக்கிறது. சுமார் இருநூறு இசைத்தட்டுகள் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கச்சேரி கேட்பது வழக்கம். மாலை ஏழு மணிக்கு மேல் ஹால் குடும்பத்தினுடையது: அப்பா, மனைவி, இரண்டு பிள்ளைகள், தொலைக்காட்சி. நான் எதை வாங்குவது?

செந்தூல் தட்டு

தம்பி, இருநூறு தட்டு வைத்திருப்பவர் இந்தக் கேள்வியைக் கேட்கவே வேண்டியதில்லை. ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரை வாங்குங்கள்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ரிசீவர் என்ற பெட்டிக்குள் ஏழு அல்லது ஒன்பது ஆம்ப்ளிஃபையர்கள், எச்டிஎம்ஐ பலகை, டால்பி, டிடிஎஸ் என்ற பல சேனல் திரைப்பட ஒலிகளைப் பிரிக்கும் சில்லுகள், வலைத்தொடர்பு, புளூடூத் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. அவை அனைத்திற்கும் சேர்த்து ஒரே ஒரு மின்மாற்றி. அதே விலைக்கு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் வாங்கினால், நீங்கள் கொடுக்கும் பணம் முழுவதும் இரண்டு சேனலுக்கே போய்ச் சேர்கிறது. யமாஹா ஏ-எஸ்501 போன்ற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: 8 ஓமில் சேனலுக்கு 85 வாட், இசைத்தட்டுக்கான ஃபோனோ உள்ளீடு, சப்வூஃபருக்கான (தாழ்ந்த ஒலிக்குரிய தனி ஸ்பீக்கர்) வெளியீடு, தொலைக்காட்சியை இணைக்க ஆப்டிகல் உள்ளீடு எல்லாம் அதில் உண்டு.

இன்னொன்று. தட்டிலிருந்து வரும் அனலாக் ஒலியைப் பெரும்பாலான ரிசீவர்கள் முதலில் டிஜிட்டலாக மாற்றி, கணக்குப் போட்டு, மறுபடியும் அனலாக் ஆக்கித்தான் ஸ்பீக்கருக்கு அனுப்புகின்றன. ‘டைரக்ட்’ பொத்தானை அழுத்தினால் அந்தச் சுற்றுவழியைத் தவிர்க்கலாம். ஆனால் எதைத் தவிர்ப்பதற்கென்றே ஒரு பொத்தான் தேவைப்படுகிறதோ, அதை ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும்? 1978இல் வந்த என்ஏடி 3020 ஆம்ப்ளிஃபையருக்கு ஏட்டில் எழுதிய அளவு 20 வாட் மட்டுமே. இன்றும் அதைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், நானும் ஒருவன்.

பாயான் பாரு பொறியாளர்

பினாங்கிலிருந்து வணக்கம். செந்தூல் அண்ணன் சொன்னதில் மின்மாற்றி பற்றிய பகுதி சரியானதே. ஏழு சேனல் ரிசீவருக்கு 80 வாட் என்று எழுதியிருந்தால், அது பொதுவாக இரண்டு சேனல்களை மட்டும் ஓட்டி அளந்த எண். ஏழும் ஒரே நேரத்தில் முழு வீச்சில் உழைத்தால் ஒவ்வொன்றுக்கும் அவ்வளவு கிடைக்காது. ஆனால் ரசிகன் கேட்பது இரண்டு சேனல் இசை. அங்கே அந்த எண் ஏறக்குறைய முழுமையாகவே கிடைக்கும்.

எவ்வளவு வாட் உண்மையில் தேவை என்று கணக்கிட்டுப் பார்ப்போம். 87 டெசிபல் என்றால், ஏறத்தாழ 1 வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி 87 டெசிபல் ஒலி கிடைக்கும் என்று பொருள். நீங்கள் பத்தடி, அதாவது சுமார் 3 மீட்டர் தள்ளி அமர்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். திறந்த வெளியாக இருந்தால் இந்தத் தூரத்தில் 9.5 டெசிபல் குறைந்துவிடும். ஆனால் ஹாலில் சுவர்கள் ஒலியைத் திருப்பித் தருகின்றன, ஸ்பீக்கரும் இரண்டு இருக்கின்றன. ஆகவே 1 வாட்டுக்குத் தோராயமாக 80 டெசிபல் காதில் விழும். வீட்டில் அதுவே நல்ல சத்தம். தவில்காரர் ஓங்கி அடிக்கும் அந்தக் கணத்தில் சராசரியை விட 20 டெசிபல் கூடுதலாக வேண்டுமென்றால் நூறு மடங்கு, அதாவது 100 வாட் வேண்டும். சராசரியை 75 டெசிபலில் வைத்துக் கேட்பவருக்கு அதே 20 டெசிபல் கூடுதல் உச்சத்திற்கு 30 வாட்டே போதும். 80 வாட்டுக்கும் 85 வாட்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு கால் டெசிபல். எந்தக் காதும் அதைக் கண்டுபிடிக்காது.

அனலாக் ஒலியை டிஜிட்டலாக மாற்றுவதால் இழப்பு ஏற்படும் என்பதை நான் ஏற்கவில்லை. இசைத்தட்டின் மேற்பரப்பு இரைச்சல் இருக்கிறதே, அது அந்த மாற்றத்தில் சேரும் இரைச்சலை விடப் பல மடங்கு பெரியது.

ஆகவே பெட்டியைப் பற்றிய விவாதத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, ரசிகனிடம் ஒன்று கேட்கிறேன். மாலையில் யார் யார் எங்கே உட்காருகிறார்கள்?

செத்தாப்பாக் ரசிகன்

நல்ல கேள்வி. தொலைக்காட்சிக்கு நேரெதிரே உள்ள சோஃபாவில் மனைவியும் பிள்ளைகளும். நான் பெரும்பாலும் சோஃபாவின் ஓரத்தில். அப்பாவுக்கு 74 வயதாகிறது. கிரில் பக்கம் கிடக்கும் பிரம்பு நாற்காலியை விட்டு அவர் நகர மாட்டார், காற்று அங்கேதான் வருகிறது என்பார். அந்த நாற்காலி இடது ஸ்பீக்கரிலிருந்து ஐந்தடி கூட இருக்காது. படத்தில் பேசுவது புரியவில்லை என்று சத்தத்தைக் கூட்டச் சொல்வார். சண்டைக் காட்சி வந்ததும் மனைவி குறைக்கச் சொல்வார். ரிமோட் கை மாறிக்கொண்டே இருக்கும்.

பாயான் பாரு பொறியாளர்

உங்கள் கேள்விக்கான விடை அந்தப் பிரம்பு நாற்காலியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் சம தூரத்தில் உட்கார்ந்தால், இரண்டிலும் ஒரே அளவில் வரும் குரல் நடுவிலிருந்து வருவதுபோல் தோன்றும். உண்மையில் நடுவில் எதுவும் இல்லை. நம் மூளை கட்டும் தோற்றம் அது. ஓரத்துக்கு நகர்ந்தால், அருகிலுள்ள ஸ்பீக்கரின் ஒலி முன்னதாகவும் கூடுதலாகவும் வந்து சேர்வதால், குரல் முழுவதும் அந்தப் பக்கமே போய் ஒட்டிக்கொள்ளும். இன்றிரவு அப்பாவின் நாற்காலியில் அமர்ந்து செய்தி வாசிப்பதைக் கேட்டுப் பாருங்கள். வாசிப்பவர் திரையில் இருப்பார், குரல் கிரில் பக்கத்திலிருந்து வரும். அதோடு ஓட்டுத் தரையும் கண்ணாடிக் கதவும் தரும் எதிரொலி சேர்ந்து மெய்யெழுத்துகளை மழுக்கிவிடும். வயதான காதுகளுக்கு முதலில் நழுவிப் போகிறவையும் அந்த மெய்யெழுத்துகளின் கூர்மையே.

5.1 ஒலியில், அதாவது ஐந்து சேனலும் ஒரு சப்வூஃபர் சேனலுமாக வரும் திரைப்படங்களில், வசனத்தின் பெரும்பகுதி நடு சேனலில் வைக்கப்படுகிறது. ரிசீவர் இருந்தால் அந்தச் சேனலுக்குத் திரைக்குக் கீழே ஒரு ஸ்பீக்கர் வைத்துவிடலாம். யார் எங்கே அமர்ந்தாலும் பேச்சு திரையிலிருந்தே வரும். இன்னும் முக்கியமாக, நடு சேனலை மட்டும் 3 அல்லது 4 டெசிபல் கூட்டி வைக்கலாம். சண்டைக் காட்சியின் சத்தம் அப்படியே இருக்க, பேச்சு மட்டும் உயரும். எவ்வளவு உயர்ந்த ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் வாங்கினாலும் இந்த ஒரு காரியத்தை அதனால் செய்ய முடியாது.

செந்தூல் தட்டு

இதை நான் மறுக்கவில்லை. அப்பாவைப் பற்றி முதலிலேயே சொல்லியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். ஆனால் ஞாயிறு காலைக் கச்சேரியை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன். இரண்டையும் சேர்த்து வைக்க ஒரு வழி உண்டு. எல்லாச் சேனல்களுக்கும் ‘பிரீ அவுட்’ (ஒலியை வேறொரு ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பும் வெளியீடு) உள்ள ரிசீவரை வாங்கி, அதன் முன் இரண்டு சேனல்களை மட்டும் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுப்பது. ஆம்ப்ளிஃபையரில் ‘ஹோம் தியேட்டர் பைபாஸ்’ உள்ளீடு இருந்தால், படம் பார்க்கும்போது சத்தத்தை ரிசீவர் கட்டுப்படுத்தும். பாட்டு கேட்கும்போது ரிசீவரை இயக்கவே வேண்டாம்.

பாயான் பாரு பொறியாளர்

அருமையான வழி, ஆனால் செலவு ஏறும். அடிநிலை ரிசீவர்கள் பெரும்பாலும் சப்வூஃபருக்கு மட்டுமே வெளியீடு வைத்திருக்கும். எல்லாச் சேனல்களுக்கும் பிரீ அவுட் வேண்டுமென்றால் டெனான் எக்ஸ்3800எச் போன்ற மேல்நிலைப் பெட்டிக்குப் போக வேண்டும். 5000 வெள்ளிக்குள் அதையும், பைபாஸ் உள்ள நல்ல ஆம்ப்ளிஃபையரையும், நடு ஸ்பீக்கரையும் வாங்க முயன்றால் மூன்றிலும் சமரசம் செய்ய நேரும். பைபாஸ் இல்லாத ஆம்ப்ளிஃபையரைக் கொண்டும் இதைச் செய்யலாம். ஒவ்வொரு முறையும் அதன் சத்தத் திருகை அளந்து வைத்த அதே இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். தனியாக இருப்பவர் நினைவில் வைத்துக்கொள்வார். பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு நாள் யாரோ திருகை முழுவதும் திருப்பி வைத்திருப்பார்கள், அன்றைக்கு ஸ்பீக்கரில் உச்ச ஒலி தரும் டுவீட்டர் போய்விடும்.

ஆயர் ஈத்தாம் வீணை

நான் பினாங்கில் வீணை கற்றுக்கொடுக்கிறேன். மின்னணுவியல் படித்தவள் அல்ல. காதால் அறிந்ததைச் சொல்கிறேன்.

என் வகுப்பு நடக்கும் அறையின் உயரமும் உங்கள் ஹாலைப்போல் பத்தடிதான். மாணவர்களுக்குப் பழைய பதிவுகளைப் போட்டுக் காட்டுவதற்காக நெடுநாள் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் ஒன்றை வைத்திருந்தேன். ஒரு குறை தீரவே இல்லை. வீணையின் மிகத் தாழ்ந்த தந்தியான அனுமந்தரத் தந்தியை மீட்டும் இடங்களில் ஒலி ஊதிப்போய், ‘கும்’ என்று நின்று, அடுத்து வரும் கமகத்தை விழுங்கிவிடும். ஆம்ப்ளிஃபையர் சரியில்லை என்றே நினைத்திருந்தேன். பிறகு மகன் வீட்டு ரிசீவரை விடுமுறையில் கொண்டுவந்து, அதனுடன் வரும் சிறிய மைக்கை நான் உட்காரும் இடத்தில் வைத்து அறையை அளந்தான். அதன் பிறகு அதே பதிவில் அந்தத் தந்தி தந்தியாகவே கேட்டது. மீட்டிய விரல் தெரிந்தது, ஒலி தேய்ந்து அடங்குவது தெரிந்தது, அடுத்த கமகமும் தெளிவாக வந்தது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். திருத்தம் எல்லா ஸ்வரங்களுக்கும் போடப்பட்டபோது வீணையின் மேல்நாதம் சற்று மங்கிவிட்டது, தம்பூராவின் ரீங்காரமும் அடங்கிப்போனது. செயலியில் ஓர் எல்லைக்கு மேல் திருத்தம் வேண்டாம் என்று மகன் குறித்த பிறகே எனக்கு மனம் நிறைந்தது. ‘ஹால்’, ‘ஸ்டேடியம்’ என்று பெயர் போட்ட செயற்கை எதிரொலிகளை ஒருபோதும் தொடாதீர்கள். பாடகர் குளியலறைக்குள் போய்விடுவார்.

பாயான் பாரு பொறியாளர்

டீச்சர் காதால் கண்டது கணக்கிலும் அப்படியே வருகிறது. தரைக்கும் கூரைக்கும் இடையே பத்தடி என்றால் அந்த உயரம் சுமார் 56 ஹெர்ட்ஸ் ஒலியைப் பிடித்து வைத்து வீங்கச் செய்யும். அனுமந்தரத் தந்தியின் சுருதியும் ஏறக்குறைய 60 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் இருக்கும். ரசிகனின் ஹாலில் 13 அடி அகலத்தால் சுமார் 43 ஹெர்ட்ஸிலும் இன்னொரு வீக்கம் உண்டாகும். இவற்றை எந்த ஆம்ப்ளிஃபையரின் தரமும் தீர்க்காது, ஏனென்றால் குறை அறையில் இருக்கிறது. ஆடிசி, டிராக், யமாஹாவின் ஒய்பிஏஓ போன்ற அளவீட்டு முறைகள் அந்தக் குறிப்பிட்ட இடத்தில் ஒலியைக் குறைத்துக் கொடுக்கின்றன. சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் திருத்தம் போடுவது நல்லது என்பதே என் கருத்தும்.

பிரிக்பீல்ட்ஸ் பழுதுபார்ப்பவர்

இருபத்திரண்டு ஆண்டுகளாக இத்தொழிலில் இருக்கிறேன். நீங்கள் எல்லோரும் வாங்குவதைப் பற்றிப் பேசுகிறீர்கள். என் மேசைக்கு வந்து சேருவதைப் பற்றி நான் சொல்கிறேன்.

முதலில் ரசிகன் தம்பிக்கு. குறைந்த ஒலியில் ஒரு பக்கம் மறைவதும், சத்தத்தைக் கூட்டினால் திரும்பி வருவதும் ஸ்பீக்கர் ரிலேயின் நோய். ஆம்ப்ளிஃபையரை இயக்கியவுடன் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்குமே, ஸ்பீக்கரை இணைக்கும் சுவிட்சாக உள்ளே இருக்கும் அந்தச் சிறிய கறுப்புப் பெட்டிதான் ரிலே. நம் ஊர் ஈரத்தில் அதன் தொடுமுனைகளில் படலம் படிந்துவிடும். குறைந்த மின்னோட்டம் அதைத் துளைக்க முடியாமல் நிற்கும். சத்தம் கூடினால் துளைத்துக்கொண்டு போகும். புடு ஜாலான் பாசார் கடைகளில் பொருத்தமான ரிலே கிடைக்கும். பழையதைக் கழற்றிப் புதியதைப் பற்றவைக்க அரை மணி நேரம் போதும். உங்கள் ஆம்ப்ளிஃபையர் சாகவில்லை, தம்பி. அதைத் தூக்கிப் போடாதீர்கள்.

அடுத்தது இடி. ஏப்ரல், மே மாதங்களிலும் ஆண்டின் கடைசி மழைக்காலத்திலும் என் கடைக்கு வரும் ரிசீவர்களில் அடிக்கடி நான் காண்பது எரிந்துபோன எச்டிஎம்ஐ பலகை. மின்செருகியைப் பிடுங்கிவிட்டோமே என்று உரிமையாளர் வருத்தத்தோடு நிற்பார். இடியின் மின்வீச்சு கூரையிலுள்ள செயற்கைக்கோள் தட்டின் கம்பி வழியாகவோ இணையக் கம்பி வழியாகவோ உள்ளே இறங்கி, பெட்டியிலிருந்து தொலைக்காட்சிக்கும், அங்கிருந்து எச்டிஎம்ஐ கம்பியில் ரிசீவருக்கும் வந்துவிடும். ஆகவே வானம் இருண்டால் அந்தக் கம்பிகளையும் கழற்ற வேண்டும். ஆப்டிகல் கம்பி ஒளியைக் கடத்துகிறது, மின்சாரத்தைக் கடத்தாது; அந்த வழியாக இணைத்த ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையருக்குத் தொலைக்காட்சிப் பக்கமிருந்து இந்த ஆபத்து இல்லை.

மூன்றாவது சூடு. ரிசீவரை டிவி அலமாரிக்குள் திணித்து, மேலே துணி விரித்து, அதன் மேல் பிள்ளைகளின் படத்தையும் வைத்துவிடுகிறார்கள். பத்து டிகிரி சூடு கூடினால் உள்ளேயிருக்கும் கெப்பாசிட்டரின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது எங்கள் தொழிலில் நம்பிப் பயன்படுத்தும் கணக்கு. மேலே ஐந்தங்குலம் காலியாக விடுங்கள். ரிசீவரின் பலகைகள் சில ஆண்டுகளில் சந்தையில் கிடைக்காமல் போய்விடுவதையும் சொல்லியாக வேண்டும். நாற்பது ஆண்டுப் பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரை இன்றும் என்னால் எழுப்ப முடியும். பன்னிரண்டு ஆண்டுப் பழைய ரிசீவரைப் பல நேரங்களில் கையை விரித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அது எனக்கு மனவேதனை தரும் காரியம்.

செத்தாப்பாக் ரசிகன்

ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. ஆம்ப்ளிஃபையரைத் திறந்து பார்த்தேன். நீங்கள் சொன்ன கறுப்புப் பெட்டி ஸ்பீக்கர் முனைகளுக்குப் பின்னாலேயே இருக்கிறது. நேற்று அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து எட்டு மணிச் செய்தியையும் கேட்டேன். பொறியாளர் சொன்னது அப்படியே நடந்தது. இத்தனை ஆண்டுகளாக அப்பா அந்த ஒலியோடு போராடியிருக்கிறார், நானோ அவருக்குக் காது மந்தம் என்று எண்ணியிருந்தேன்.

செந்தூல் தட்டு

அப்படியானால் வழி தெளிவாகிவிட்டது, தம்பி. பழைய ஆம்ப்ளிஃபையரைச் சரிசெய்து மாடி அறைக்கு ஏற்றுங்கள், தட்டுகளையும் அங்கேயே கொண்டுபோங்கள். சிறிய அறைக்குச் சிறிய ஸ்பீக்கர்கள் போதும். பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலில் பழைய ஜோடிகளைப் போட்டுக் கேட்டு வாங்கலாம். தாழ்ந்த ஒலி தரும் வூஃபரின் விளிம்பு நுரைப்பஞ்சாக இருந்தால் விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள், நம் ஈரத்தில் அது தூளாக உதிரும். ரப்பர் விளிம்பு உள்ளதையே எடுங்கள். ஹாலுக்கு ரிசீவரை வாங்குங்கள். ஒரே பெட்டி இரண்டு வேலையையும் செய்ய வேண்டும் என்று நாம் கட்டிப்போட்டுக்கொண்டதால்தான் இவ்வளவு நேரம் வாதாடினோம்.

பாயான் பாரு பொறியாளர்

முழுமையாக உடன்படுகிறேன். ஹாலுக்குப் பிரீ அவுட் எதுவும் தேவைப்படாததால் 80 வாட் அடிநிலை ரிசீவரே போதும். இப்போது முன் இரண்டும் நடு ஒன்றும் மட்டும் வைத்துத் தொடங்குங்கள், பின்பக்க ஸ்பீக்கர்களுக்கு அவசரம் இல்லை. தொலைக்காட்சியை ஆர்க் அல்லது இ-ஆர்க் என்று குறித்த எச்டிஎம்ஐ துளையில் இணைத்தால், தொலைக்காட்சியின் ரிமோட்டிலேயே சத்தத்தை மாற்றலாம். அப்பாவுக்கு இன்னொரு ரிமோட் பழக வேண்டியிராது. மிச்சப் பணத்தில் முதலில் தடித்த கம்பளம் ஒன்றும் கண்ணாடிக் கதவுக்குக் கனமான திரையும் வாங்குங்கள். அதற்குப் பிறகு பணம் இருந்தால் சப்வூஃபர். அப்போது 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலி முன் ஸ்பீக்கர்களுக்குப் போகாமல் சப்வூஃபருக்குப் போகும்படி வெட்டிவிட்டால் கீழ் ஒலியின் சுமை அவற்றிலிருந்தும் ரிசீவரிலிருந்தும் இறங்கிவிடும்.

செத்தாப்பாக் ரசிகன்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ரிலே மாற்றியாகிவிட்டது; இடது பக்கம் ஒரு முறை கூட மறையவில்லை. ரிசீவரும் நடு ஸ்பீக்கரும் கம்பளமும் ஹாலுக்கு வந்துவிட்டன. மைக்கை சோஃபாவில் மூன்று இடத்திலும் பிரம்பு நாற்காலியில் ஓரிடத்திலும் வைத்து அளந்தேன், நடு சேனலை 3 டெசிபல் கூட்டினேன். முதல் நாள் இரவு அப்பா படம் முடியும் வரை சத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பாதியில் கதாநாயகனின் வசனம் ஒன்றுக்கு, பிள்ளைகளுக்கு முன்பாகவே அவர் சிரித்தார்.

ஒரே ஒரு சிக்கல். சண்டைக் காட்சியில் கிரில்லும் சாமி மேடையில் தொங்கும் மணியும் சேர்ந்து அதிர்கின்றன. சப்வூஃபர் வாங்கினால் இது இன்னும் மோசமாகுமா?

பிரிக்பீல்ட்ஸ் பழுதுபார்ப்பவர்

ஆகும், தம்பி. ஆகவே வாங்குவதற்கு முன்பே சரிசெய்து விடுங்கள். கிரில் பூட்டும் இடத்திலும் கீல்களின் ஓரத்திலும் கதவுக்கு ஒட்டும் ரப்பர் பட்டையை வெட்டி ஒட்டினால் இரும்பின் அதிர்வு நின்றுவிடும். மணியின் நாக்கைப் பூஜை நேரம் தவிர மற்ற நேரத்தில் ஒரு நூலால் கட்டி வையுங்கள். என் வீட்டிலும் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.